மண்டபத்துக்கு வரும் சுகமாக்கும் இயந்திரங்கள்: காசு கொடுக்க முன் செய்து பார்க்க வேண்டியவை

வட இலங்கையின் வன்னியில், காலபோக நெல்லை விற்றுக் கையில் நாலு காசு புழங்கும் மாசி, பங்குனியில் பொதுநோக்கு மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ "இலவச உடற்பரிசோதனை" என்று ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டால், என்ன வரப்போகிறது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். கையில் பிடிக்கும் கோல் ஒன்று, ஒரு மடிக்கணினி, சூடேறும் கட்டில், காந்தக் காப்பு, கழுத்தில் போடும் பதக்கம், தண்ணீர் வடிகட்டி. சீனி வருத்தம், பிரசர், நாரி நோ, முழங்கால் நோ, சிறுநீரக வருத்தம், செல் (எறிகணை) துண்டு கிடந்து உளையும் கால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பெட்டிதான் மருந்து என்பார்கள்.

வாங்குபவர்கள் அறிவில்லாமல் வாங்குவதில்லை. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து விடிய பஸ் ஏறி, கிளினிக் கொப்பியோடு வரிசையில் இருந்து, டொக்டரோடு சில நிமிடம் கதைத்துவிட்டுத் திரும்பும் ஒருவருக்கு, "அம்மா, எங்க நோகுது, சொல்லுங்கோ" என்று அருகில் இருந்து ஒரு மணித்தியாலம் கேட்கும் விற்பனைப் பிள்ளை பெரிய ஆறுதல். அந்த ஆறுதல் உண்மை. அதோடு சேர்த்து விற்கப்படும் இயந்திரம்தான் பொய்.

இந்த வியாபாரத்தில் எப்போதும் ஒரு செய்முறை இருக்கும். கண்ணுக்கு முன்னால் தண்ணீர் கறுக்கும், கை வலுக்கும், திரையில் ஈரல் சிவக்கும். "நம்பமாட்டேன்" என்று வாதாடத் தேவையில்லை. அவர்கள் செய்து காட்டிய அதையே, ஒரே ஒரு விடயத்தை மட்டும் மாற்றி, உங்கள் கையால் இன்னொருமுறை செய்யக் கேளுங்கள். "தம்பி, ஒருக்கா நான் செய்து பாக்கட்டோ?" என்ற கேள்வி போதும். எதை மாற்றவேண்டும் என்பது கருவிக்குக் கருவி வேறுபடும்.

தண்ணீர் கறுக்கும் வித்தை

வன்னியில் இதுதான் அதிகம் பலிக்கும். செட்டிகுளம், நெடுங்கேணிப் பக்கம் சிறுநீரக வருத்தத்துக்குப் பயப்படாத வீடு இல்லை. கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளைப் படலம் கட்டுவதை எல்லோரும் தினமும் பார்க்கிறார்கள். அந்தப் பயத்தின்மேல்தான் வியாபாரம் நடக்கிறது.

விற்பனையாளர் இரண்டு கண்ணாடித் தம்ளர் வைப்பார். ஒன்றில் உங்கள் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அவருடைய வடிகட்டித் தண்ணீர். மின்சாரத்தில் பொருத்தும் ஒரு கருவியின் உலோகக் கம்பிகளை இரண்டிலும் விடுவார். ஒரு நிமிடத்துக்குள் கிணற்றுத் தண்ணீர் பச்சையாகி, கபில நிறமாகி, சேறுபோல மிதக்கத் தொடங்கும். வடிகட்டித் தண்ணீர் அப்படியே தெளிவாக இருக்கும். "இதைத்தான் ஐயா உங்கட பிள்ளையள் குடிக்கினம்" என்பார்.

அந்த நிறம் தண்ணீரில் இருந்து வரவில்லை. ஒவ்வொரு தம்ளரிலும் ஒரு கம்பி இரும்பு, மற்றது பெரும்பாலும் அலுமினியம். தண்ணீரில் கரைந்த உப்புகள் இருந்தால் அதனூடாக மின்சாரம் ஓடும்; ஓடும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகும். மிதக்கும் சேறு அந்தத் துரு. உப்புகள் அகற்றப்பட்ட தண்ணீரில் மின்சாரம் ஓடாது, ஆகவே கம்பி கரையாது, நிறமும் மாறாது. தண்ணீரில் கிருமியோ, கிருமிநாசினியோ, பாரஉலோகமோ இருக்கிறதா என்பதை இந்தக் கருவி சொல்லவே மாட்டாது. கல்சியமும் மக்னீசியமும் உள்ள, குடிக்க நல்ல தண்ணீரும் இதில் கறுக்கும். இளநீரை ஊற்றினாலும் நிறம் மாறும்.

மாற்றவேண்டியது இதுதான்: புதிய தம்ளரில் அவருடைய வடிகட்டித் தண்ணீரை எடுங்கள். அதில் இரண்டு விரலால் அள்ளும் கறியுப்பு இரண்டு தரம் போட்டு, நன்றாகக் கரைத்துவிட்டு, அதே கம்பிகளை விடச் சொல்லுங்கள். அவருடைய "சுத்தத் தண்ணீரும்" கபில நிறமாகும். கருவி மின்சாரத்தில் இருக்கும்போது தம்ளருக்குள் விரலோ கரண்டியோ விடவேண்டாம். 230 வோல்ட் நேரடியாக வரும் மலிவான கருவிகள் இவற்றில் உண்டு. கலக்குவது, கழுவுவது எல்லாம் பிளக்கைக் கழற்றிய பிறகுதான்.

சில பேர் பேனா அளவில் உள்ள டி.டி.எஸ். மீற்றரைக் காட்டுவார்கள். அது பொய்க் கருவி அல்ல. ஆனால் அது அளப்பது கரைந்த உப்புகளின் மொத்த அளவு மட்டுமே. மீற்றரில் 400 வந்தால் அதில் புளோரைட்டு எவ்வளவு, நைத்திரேற்று எவ்வளவு என்று தெரியாது. மலக்கிருமி உள்ள தண்ணீரும் குறைந்த எண் காட்டலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் வேலை செய்யும், ஆர்.ஓ. என்று சொல்லப்படும் வடிகட்டி உப்புகளையும் புளோரைட்டையும் உண்மையிலேயே குறைக்கும். புளோரைட்டு கூடிய கிணறு உள்ள இடத்தில் அது பிரயோசனமானது. கொதிக்கவைப்பதால் புளோரைட்டு போகாது. பிழை எங்கே என்றால், செய்முறை எதையும் நிரூபிக்காததிலும், வடிகட்டி சிறுநீரக வருத்தத்தைச் சுகமாக்கும் என்று சொல்வதிலும். ஆகவே முதலில் கிணற்றைப் பரிசோதியுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் கட்டணத்துக்குச் செய்யலாம். எந்தப் போத்தலில், எவ்வளவு தண்ணீர், எத்தனை மணித்தியாலத்துக்குள் கொண்டுவரவேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். முடிவு வந்ததும் இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614: 2013 உடன் ஒப்பிடுங்கள். புளோரைட்டு ஒரு லீற்றருக்கு 1 மில்லிகிராம், கரைந்த திண்மங்கள் 500 மில்லிகிராம், வன்மை 250 மில்லிகிராம் என்பன அதில் உள்ள உச்ச அளவுகள். எது கூடியிருக்கிறதோ அதை அகற்றும் வடிகட்டியைத் தேடுங்கள். வாங்கிய பிறகு சவ்வு மாற்றுவதற்கு எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, கழிவாகப் போகும் தண்ணீர் எவ்வளவு என்பதையும் விலை பேசும்போதே கேட்கவேண்டும்.

"காரத் தண்ணீர்" இயந்திரமும், தண்ணீரில் போடும் கனிமக் குச்சிகளும் வேறு கதை. காரத் தண்ணீர் இரைப்பைக்குள் போனதும் அங்குள்ள அமிலம் அதைச் சமப்படுத்திவிடும். இரத்தத்தின் அமிலகாரச் சமநிலையை நுரையீரலும் சிறுநீரகமும் 7.35 இலிருந்து 7.45 வரையான குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கின்றன; குடிக்கும் தண்ணீர் அதை மாற்றாது. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு மேலதிக பொட்டாசியமும் மக்னீசியமும் ஆபத்து. அவர்கள் கிளினிக்கில் காட்டாமல் இந்தக் குச்சி எதையும் பாவிக்கக்கூடாது. சிறுநீரகம் பற்றிய பயம் இருந்தால் அரச வைத்தியசாலையில் இரத்தக் கிரியேட்டினினும் சிறுநீர் அல்புமினும் பாருங்கள். காசு கேட்கமாட்டார்கள்.

கோலும் மடிக்கணினியும்

"குவாண்டம் பரிசோதனை" என்ற பெயரில் ஒரு உலோகக் கோலைக் கையில் பிடிக்கச் சொல்வார்கள். ஒரு நிமிடத்தில் ஈரல், எலும்பு, விற்றமின், கொழுப்பு, கண் என்று பல பக்க அறிக்கை வந்துவிடும். உள்ளங்கைத் தோலூடாக மின்சாரம் எவ்வளவு இலகுவாகப் போகிறது என்பதற்கு மேல் அந்தக் கோலுக்கு எதுவும் தெரிய வழியில்லை. அது கை வியர்த்தால் மாறும். ஆனால் தொடங்க முன் பெயர், வயது, பால், உயரம், நிறை எல்லாம் கேட்டுத் தட்டுவார்கள் அல்லவா? அறிக்கை வளர்வது அந்த விபரங்களில் இருந்து. 65 வயதுக்காரருக்கு எலும்புத் தேய்மானம் என்றால் யார் மறுப்பார்கள்?

மூன்று தடவை செய்விக்கவேண்டும். முதலில் உங்கள் சரியான விபரத்தோடு. பிறகு அதே நீங்கள், வேறு பெயரில், வயதை முப்பது கூட்டியோ குறைத்தோ. மூன்றாவது தடவை பாலை மாற்றச் சொல்லுங்கள். ஆண்களுக்கு மட்டுமே உள்ள புரொஸ்டேட் சுரப்பி பற்றிய அறிக்கை பெண்ணுக்கு வந்தால் அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது. இன்னும் சந்தேகம் என்றால் கோலை ஈரத் துணியில் சுற்றி மேசையில் வைத்துவிட்டு இயக்கச் சொல்லுங்கள். துணிக்கும் ஈரல் அறிக்கை வரும். மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு விடை.

இந்த அறிக்கையால் இரண்டு பக்கமும் கேடு. இல்லாத வருத்தத்துக்கு அவர்கள் விற்கும் சத்துமா டின்னை வாங்குவது ஒன்று. உண்மையில் மார்புக் கட்டியோ சலத்தில் இரத்தமோ உள்ளவர் "மிசின் நல்லாயிருக்கு எண்டது" என்று வைத்தியசாலைக்குப் போகாமல் விடுவது மற்றது. இரண்டாவதுதான் உயிரை எடுக்கும்.

கையை அமத்திக் காட்டும் பதக்கமும் காப்பும்

கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, மணிக்கட்டில் அமத்துவார்கள்; கை தாழும். பதக்கத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் அமத்துவார்கள். இந்தமுறை கை தாழாது. முதல் தடவை விரல்நுனிப் பக்கமாக, உடம்பை விட்டு வெளியே இழுத்து அமத்துகிறார்கள். இரண்டாம் தடவை முழங்கைக்குக் கிட்ட, உங்கள் பாதத்தை நோக்கி அமத்துகிறார்கள். போதாததற்கு, எதிர்பார்த்து நிற்கும் தசை இரண்டாம் முறை முதலே இறுகிவிடும்.

ஒரே மாதிரி இரண்டு துணிப்பை தைத்து, ஒன்றில் பதக்கம், மற்றதில் அதே நிறையுள்ள கல் போடுங்கள். எந்தப் பையில் எது என்று வேறொருவர் வெளியில் இருந்து தீர்மானித்துக் கொடுக்கவேண்டும். அமத்துபவருக்கும் தெரியக்கூடாது, நீட்டுபவருக்கும் தெரியக்கூடாது. பத்துத் தடவை செய்து எழுதுங்கள். குருட்டு அதிர்ஷ்டத்தில் ஐந்து அளவில் சரிவரும். ஒன்பதோ பத்தோ சரிவருவது நூறு முயற்சியில் ஒன்று அளவில்தான் தற்செயலாக நடக்கும். ஆகவே ஐந்து, ஆறு, ஏழு வந்தால் பதக்கம் ஒன்றும் செய்யவில்லை.

"பவர் பலன்ஸ்" என்ற கைப்பட்டியை விற்ற நிறுவனம் 2010 இல் அவுஸ்திரேலியாவில் தன் கூற்றுகளுக்கு நம்பத்தகுந்த விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று ஒப்புக்கொண்டது. செப்புக் காப்பையும் காந்தப் பட்டியையும் மூட்டுவாத நோயாளர் 70 பேரில் பரிசோதித்த பிரித்தானிய ஆய்வு 2013 இல் வெளியானது. நோவிலோ வீக்கத்திலோ பெறுமதியான வித்தியாசம் எதையும் அது காணவில்லை. "எதிர் அயன்" பதக்கங்களை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும்: 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகாரசபை இந்த வகைப் பொருட்கள் பத்தில் கதிர்வீச்சு உண்டு என்று கண்டு, அணியவேண்டாம் என அறிவித்தது. அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் பிள்ளைகளின் கழுத்தில் இருந்து முதலில் கழற்றுங்கள்.

காலில் இருந்து நஞ்சு இழுப்பது, இரத்தத் துளி பார்ப்பது

கால் வைக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி கபில நிறமாவது, மேலே சொன்ன அதே துரு. கால் வைக்காமல் அரை மணித்தியாலம் ஓடவிட்டாலும் நிறம் மாறும். 2012 இல் வெளியான ஒரு ஆய்வில் தண்ணீர், சிறுநீர், தலைமுடி மூன்றையும் பரிசோதித்தும் பாதத்தினூடாக நஞ்சு வெளியேறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. இரவில் ஒட்டிப் படுக்கும் பாத ஒட்டுகள் விடிய கறுத்திருப்பது ஈரத்தால். புதிய ஒட்டு ஒன்றைக் கேத்தில் ஆவியில் பிடியுங்கள், அதுவும் கறுக்கும்.

விரலைக் குத்தி இரத்தத் துளியை நுணுக்குக்காட்டியில் காட்டுவதும் ஒரு செய்முறை. தடிப்பான, காயத் தொடங்கிய துளியில் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல ஒட்டி நிற்கும். புதிய மெல்லிய துளியில் பிரிந்து நிற்கும். இரண்டாம் துளியை உடனே பார்த்தால் "சுத்தமான இரத்தம்" தயார். இதில் ஒரு மெய்யான ஆபத்து இருக்கிறது: ஒரே ஊசியைப் பலருக்குப் பாவித்தால் செங்கண்மாரி பி (ஹெபடைற்றிஸ் பி) போன்றவை தொற்றும். புதிய ஊசியின் உறையை உங்கள் முன்னால் பிரிக்காவிட்டால் விரலைக் கொடுக்கவேண்டாம்.

சூடேறும் கட்டிலும் மின்னதிர்வுப் பாத இயந்திரமும்

இவற்றில் சுகம் தெரியும். சூடும் உருவலும் தசை நோவைச் சில மணித்தியாலம் தணிக்கும். வெந்நீர்ப் போத்தலும் அதையே செய்யும். நாள்பட்ட நோ தானாகவே கூடிக் குறையும் தன்மை கொண்டது. மிகக் கூடிய நாளில்தான் நாங்கள் கட்டிலைத் தேடிப் போகிறோம், அதன்பிறகு குறைவது இயல்பு. ஒரு மாதம் இலவசமாகப் படுக்கவிடுவதன் காரணமும் அதுதான். அந்த மாதத்துக்குள் குறைந்தவர்கள் ஒலிவாங்கியில் சாட்சி சொல்வார்கள், குறையாதவர்கள் வராமல் விடுவார்கள்.

நோ தணிக்கும் ஒரு சாதனமாக, நியாயமான விலைக்கு வாங்குவது உங்கள் விருப்பம். ஆனால் கீழே உள்ளவர்கள் அதில் படுக்கவோ கால் வைக்கவோ கூடாது. முள்ளந்தண்டுக் காயத்தால் இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியில்லாதவர்கள்: சூடு தெரியாமல் தோல் வெந்து, மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகும். சீனி வருத்தத்தால் பாதம் விறைத்தவர்களுக்கும் அதே ஆபத்து. விரல் கழற்றும் நிலைக்கும் போகலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மின்னதிர்வையும் பலமான காந்தத்தையும் தொடவே கூடாது. உடம்பில் செல் துண்டு, தகடு, கம்பி உள்ளவர்கள், வலிப்பு வருபவர்கள், கர்ப்பிணிகள், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கியவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்கவேண்டாம். மாவட்ட வைத்தியசாலைகளின் இயன்மருத்துவப் பிரிவில் நாரிக்கும் முழங்காலுக்கும் பயிற்சி சொல்லித்தருவார்கள். ஆறு எட்டுக் கிழமை ஒழுங்காகச் செய்தால் பலன் தெரியும் வேலை அது, கட்டில் போல உடனே இதம் தராது.

குத்தாமல் சீனி பார்க்கும் கடிகாரம்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஆசையோடு அனுப்புவது இது. தோலைத் துளைக்காமல் இரத்தச் சீனியை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்தையும் மோதிரத்தையும் தாம் அங்கீகரிக்கவில்லை, பாவிக்கவேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. தண்ணீர்ப் போத்தலில் துவாயைச் சுற்றி அதன்மேல் கட்டிப் பாருங்கள். பல கடிகாரங்கள் போத்தலுக்கும் சீனி காட்டும். இன்னொரு வழி, வெறுவயிற்றிலும் சோறு சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்திலும் குளுக்கோமீற்றரால் குத்திப் பார்த்து, இரண்டு எண்ணையும் கடிகாரத்தோடு ஒப்பிடுவது. இன்சுலின் போடுபவர் கடிகாரத்தைப் பார்த்து அளவை மாற்றினால், சீனி இறங்கி மயங்கி விழக்கூடும்; அது இரவில் நடந்தால் யாருக்கும் தெரியாது.

காகிதம் கேளுங்கள்

இலங்கையில் நோயைக் கண்டறிய, தடுக்க, குணப்படுத்த என்று விற்கும் கருவி, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின்கீழ் மருத்துவ சாதனம். அதற்குப் பதிவு வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். சான்றிதழில் உள்ள பெயரும் மாதிரி இலக்கமும் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகவேண்டும். பதிலுக்கு வேறு காகிதங்களை நீட்டுவார்கள். ஐ.எஸ்.ஓ. 9001 என்பது நிர்வாக முறைக்கான சான்று, கருவி வேலை செய்கிறது என்பதற்கல்ல. ஐரோப்பிய சி.ஈ. முத்திரையைப் பல பொருட்களில் உற்பத்தியாளரே போட்டுக்கொள்ளலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் "எப்.டி.ஏ. பதிவுச் சான்றிதழ்" என்று கழுகுப் படத்தோடு ஒன்றைக் காட்டினால் உடனே எழும்பலாம், அந்த நிர்வாகம் கருவி நிறுவனங்களுக்கு அப்படிச் சான்றிதழ் வழங்குவதே இல்லை.

மேடையில் "சுகமாகும்" என்பார்கள், பெட்டியில் "நோய்க்கானது அல்ல" என்று சிறிய எழுத்தில் இருக்கும். ஆகவே பற்றுச்சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள்: "இந்த இயந்திரம் சீனி வருத்தத்தைக் குணப்படுத்தும், இல்லாவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்." கீழே பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, கையொப்பம். எங்கள் அறிவில் எல்லாவற்றையும்விட விரைவாக வேலை செய்யும் பரிசோதனை இதுதான். எழுதமாட்டார்கள்.

"நீங்கள் மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் உங்கட இயந்திரம் சும்மா" என்று தொடங்கினால் அது வைத்தியம் அல்ல, பிரமிட் வியாபாரம். 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு அதைத் தடைசெய்கிறது. சேர்பவர் வாங்குபவர் மட்டுமல்ல, சேர்ப்பவராகவும் பொறுப்பாளி ஆகிறார். மாதர் சங்கச் சீட்டுக்காசிலோ, நகையை அடகுவைத்தோ, நுண்கடன் எடுத்தோ அன்றைக்கே முற்பணம் கட்டவேண்டாம். "இண்டைக்கு மட்டும் இந்த விலை" என்பதற்கு ஒரே பதில், "நாளைக்கு மகளோடு கதைச்சிட்டுச் சொல்லுறன்."

ஏற்கனவே வாங்கிவிட்டால்

முதல் வேலை மருந்து. கிளினிக் மருந்தை நிறுத்தியிருந்தால் இயந்திரத்தைப் பற்றிப் பிறகு கதைக்கலாம். உடனே கிளினிக்குக்குப் போய் நிறுத்திய திகதியைச் சொல்லுங்கள். இடையில் விட்ட மருந்தை இரட்டிப்பாக விழுங்கவேண்டாம். இன்சுலின் நிறுத்தியவருக்குத் தாகம், வாந்தி, வேகமான மூச்சு என்றாலோ, பிரசர் மருந்து நிறுத்தியவருக்கு வாய் கோணி, ஒரு கை விழுந்து, பேச்சுக் குழறினாலோ 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

வாங்கிய அப்பாவையோ அம்மம்மாவையோ ஏசவேண்டாம். ஏசினால் அடுத்த கூட்டத்துக்கு ஒளித்துப் போவார்கள். "அது ஒருபக்கம் இருக்கட்டும், மருந்தையும் போடுங்கோ" என்று தொடங்குங்கள். பிறகு ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்குச் சீனியையும் பிரசரையும் எழுதுங்கள்.

முறைப்பாட்டுக்கு இயந்திரத்தை உடைக்காமல், எறியாமல் வையுங்கள். பெட்டி, பற்றுச்சீட்டு, நோட்டீஸ், வட்ஸ்அப் செய்திகள், வங்கியில் கட்டிய சிட்டை, விற்றவரின் வாகன இலக்கம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போகவேண்டும். இலக்கம் 1977, மாவட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி யார் என்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கேட்டால் சொல்வார்கள். பதிவில்லாத மருத்துவக் கருவி என்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.க்கும் ஒரு பிரதி கொடுங்கள். கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தால் கடிதத்துக்குக் காத்திருக்காமல் பி.எச்.ஐ.க்கு அப்போதே தொலைபேசி எடுங்கள், மண்டபத்தின் பெயரையும் அடுத்ததாக எந்தக் கிராமத்துக்குப் போகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். மண்டபத்தை வாடகைக்கு விட்ட கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளரிடம் முன்பதிவுப் பற்றுச்சீட்டு இருக்கும்; விற்றவரின் பெயரும் முகவரியும் உங்களிடம் இல்லாவிட்டால் முதலில் அங்கே கேளுங்கள்.